காய்கறி நிறத்தில் பிரெட்: எது நிற்கிறது, எது வெளுக்கிறது

மாவாக இருக்கும்போது தெரியும் நிறத்தை நம்பவே கூடாது. பீட்ரூட் விழுது சேர்த்துப் பிசைந்த மாவு புடவைக் கடை ராணி பிங்க் நிறத்தில் பளீரென்று வரும். அதே மாவு ஓவனில் வெந்து, ஆறிய பிறகு வெட்டினால் உள்ளே வெளிறிய காவி, மேலே வழக்கத்தை விடக் கறுத்த தோல். வீட்டில் சாப்பிட்டவர்கள் கோதுமை பிரெட்டா என்று கேட்டார்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று எல்லாக் காய்க்கும் ஒரே அளவைத்தான் வைத்துக்கொண்டேன். மைதா 300 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 4 கிராம், சர்க்கரை 20, உப்பு 5, வெண்ணெய் 25. வெறும் பிரெட் என்றால் பால் 200 மில்லி பக்கம் இழுக்கும். காய் சேர்த்தால் அதன் விழுதையே தண்ணீராகக் கணக்கில் எடுக்க வேண்டும்; பீட்ரூட், கேரட் எடையில் 90 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர்தான், கீரையிலும் பரங்கிக்காயிலும் அதற்கும் மேல். 150 கிராம் விழுது போட்டால் பால் 50 மில்லியில் ஆரம்பித்து, பதம் பார்த்து ஸ்பூன் ஸ்பூனாகச் சேர்த்தால் போதும்.

பீட்ரூட்டின் சிவப்பைத் தருவது பீட்டாலைன் வகை நிறமி. அது சூடு தாங்காது. ஐஸ்கிரீம் பாக்கெட்டில், உணவில் சேர்க்கும் நிறம் போன்றவற்றுக்கான குறியீட்டு எண்ணாக ஐஎன்எஸ் 162 என்று போட்டிருந்தால் இந்தப் பீட்ரூட் சிவப்புதான். குளிர்ச்சியான பண்டத்தில் அது சுகமாக இருக்கும். 180 டிகிரியில் அரை மணி நேரம் கிடக்கும் பிரெட்டில் எப்படி நிற்கும்? போதாக்குறைக்கு பீட்ரூட்டுக்கே உள்ள இனிப்பு மேல்தோலைச் சீக்கிரம் கருக்கிவிடுகிறது. தோலோடு ஆவியில் வேகவைத்தது நல்ல பலன் தந்தது. நறுக்கித் தண்ணீரில் போட்டால் நிறம் நிறைய அந்தத் தண்ணீருக்கே போய்விடும். அரைக்கும்போது ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு விடுவதும் நல்லது, லேசான புளிப்பு இந்த நிறமிக்கு ஒத்துக்கொள்ளும். பெரிய பிரெட்டாகச் சுடாமல் சின்ன பன்னாக உருட்டினால் கால் மணி நேரத்தில் வேலை முடிந்து, உள்ளே ஓரளவு சிவப்பு மிஞ்சும்.

ஆனால் உண்மையில் பீட்ரூட்டைக் காப்பாற்றியது இட்லிப் பானை. 50 கிராம் உருண்டைகளை வாழையிலைத் துண்டுகளின் மேல் வைத்து, நன்றாக உப்பிய பிறகு 12 நிமிடம் ஆவி. வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது, மேல்தோல் சிவக்கவும் வழியில்லை. நல்ல ரோஜா நிற பன் கிடைத்தது. மூடியில் துணி கட்ட வேண்டும், இல்லாவிட்டால் சொட்டும் நீர் பட்டு மேலெல்லாம் குழி விழும். ஆவியில் வெந்ததைப் பிரெட் என்று சொல்லலாமா என்று கேட்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை.

பாலக்கீரையில் கதை தலைகீழ். அதன் பச்சையத்துக்குச் சூட்டோடு புளிப்பும் ஆகாது. ஈஸ்ட் மாவோ இயல்பிலேயே கொஞ்சம் புளிப்பானது. பச்சையத்தின் நடுவில் இருக்கும் மெக்னீசியம் கழன்றுவிட்டால் பச்சை மங்கி, ஆறிப்போன கீரைக் கூட்டின் நிறத்துக்கு வந்துவிடும். எனவே இங்கே எலுமிச்சை கூடவே கூடாது. கொதிநீரில் அரை நிமிடம் போட்டு, உடனே ஐஸ் தண்ணீரில் மாற்றி, ஒட்டப் பிழிந்து, பாலோடு மையாக அரைத்தேன். ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்துச் சுட்டதை விட அன்றைக்கே சுட்டதில் பச்சை தெளிவாக இருந்தது. சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டால் பச்சை நிற்கும் என்பது உண்மைதான். கூடவே சோப்பு வாடையும் வரும், அந்த வழி எனக்கு வேண்டாம். இந்தப் பிரெட்டுக்குப் பூண்டு வெண்ணெய் அருமை. ஜாம் மட்டும் சேரவே இல்லை.

கேரட்டைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நிறம் சூட்டுக்கு அசையாது. கொழுப்பில் கரையும் நிறமி என்பதால் வெண்ணெயில் வதக்கி அரைத்தால் ஆரஞ்சு நன்றாக இறங்கும்.

எனக்குப் பிடித்துப்போனது பரங்கிக்காய். நன்றாகப் பழுத்த கீற்றைத் தோலோடு ஆவியில் வேகவைத்து, சதையைச் சுரண்டி, வாணலியில் ஈரம் வற்றக் கிளற வேண்டும். அடியில் கரண்டி இழுத்த தடம் மூடாமல் நின்றால் போதும். இதிலும் கேரட்டில் உள்ள அதே வகை நிறமிகள்தான், அதனால் மாவில் பார்த்த மஞ்சள் ஏறக்குறைய அப்படியே வெந்து வரும். மாவு முதல் ஐந்து நிமிடம் கையெல்லாம் ஒட்டும். அப்போது மைதா தூவும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். பாதிப் பிசைந்த பிறகு வெண்ணெயைச் சேர்த்துத் தொடர்ந்தால் மாவு மெல்ல ஒன்றுகூடி, பாத்திரத்தை விட்டு விலகும். ஒரு துண்டைக் கிள்ளி விரல்களால் இழுத்தால் கிழியாமல் சவ்வாக விரியும். ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தால் வெளிச்சம் அதன் வழியே மஞ்சளாக வரும், அங்கங்கே சின்ன நார்களும் தெரியும். அந்த நார் அதிகமானால் சவ்வு அங்கேதான் கிழியும், ஆகவே விழுதைச் சல்லடையில் தேய்த்து எடுப்பது வீண் வேலை இல்லை.

சென்னை மே மாதத்தில் இது முக்கால் மணி நேரத்திலேயே இரண்டு மடங்கு ஆகிவிடுகிறது. கடிகாரத்தைப் பார்க்காமல் மாவைப் பார்க்க வேண்டும். சுடும்போது கடைசிப் பத்து நிமிடம் மேலே அலுமினியத் தாள் மூடினால் தோலும் பொன்னிறத்தோடு நிற்கும். மூன்றாம் நாளும் பிரெட் மெத்தென்றே இருந்தது. விழுதில் உள்ள மாவுச்சத்தும் நாரும் ஈரத்தைப் பிடித்து வைப்பதுதான் காரணம்.

இப்போது ஓடிக்கொண்டிருப்பது, பரங்கிக்காய் மாவையும் வெள்ளை மாவையும் அடுக்கிச் சுருட்டும் பிரெட். இரண்டு மாவும் ஒரே இளக்கத்தில் இல்லையென்றால் ஒன்று முந்தி உப்பி, நடுவில் ஓட்டை விழுகிறது. அடுக்குக்கு இடையில் எண்ணெய் தடவினால் வெட்டும்போது சுருள் பிரிந்துவிடும். தண்ணீர் தொட்டுத் தடவினால் ஒட்டிக்கொள்கிறது. அடுத்தது ஊதாச் சதை உள்ள சர்க்கரைவள்ளி. எங்கள் சந்தையில் வருவதெல்லாம் தோல் சிவப்பு, உள்ளே வெள்ளை, அதனால் கிழங்கைத் தேடிக்கொண்டிருக்கிறேன். சிவப்புத் தண்டுக்கீரையைப் போட்டுப் பார் என்கிறாள் அக்கா. அதன் சிவப்பும் பீட்ரூட்டின் பீட்டாலைன் ஜாதிதான், நேராக இட்லிப் பானைக்குத்தான் போகும்.