சொப்பின் பையும் பியர்ஸ் பட்டியலும்

திருகோணமலையில், உவர்மலைப் பக்கத்தில் ஒரு தனியார் மருந்தகத்தில் ஒன்பது ஆண்டுகளாக மருந்தாளராக வேலை செய்கிறேன். முதியோருக்கான மருந்துப் பராமரிப்பில் சான்றிதழ் தரும் பரீட்சை ஒன்றுக்கு விண்ணப்பித்திருக்கிறேன் என்று சென்ற மாசியில் வீட்டில் சொன்னபோது, அம்மா முதலில் கட்டணத்தைக் கேட்டார். அதன் பிறகு, "அமெரிக்காக்காரன் தாற பத்திரத்தை இஞ்சை எந்தச் சுவரிலை கொழுவப் போறாய்?" என்று கேட்டார். முதற் கேள்விக்கு நான் முழு உண்மையைச் சொல்லவில்லை. இரண்டாவது கேள்வியோ ஆறு மாதங்களாகப் படிப்பு மேசையில் என்னோடேயே உட்கார்ந்திருக்கிறது.

பரீட்சையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதியோர் மருந்தாளருக்கான இந்தச் சான்றிதழை 1997 இல் அமெரிக்காவில் தனி ஆணைக்குழு ஒன்று தொடங்கியது. இப்போது அதை, மருந்தாளரின் சிறப்புத் துறைகளுக்குச் சான்றளிக்கவென 1976 இல் அமைக்கப்பட்ட பி.பி.எஸ். என்ற சபை நடத்துகிறது. செல்லுபடியாகும் உரிமமும் இரண்டு ஆண்டு அனுபவமும் உள்ள மருந்தாளர், அமெரிக்காவுக்கு வெளியே உரிமம் பெற்றவராயினும், விண்ணப்பிக்கலாம். சித்தியடைந்தால் பெயருக்குப் பின்னால் பி.சி.ஜி.பி. என்று போட்டுக்கொள்ளலாம், ஏழு ஆண்டுகளுக்கு ஒரு முறை அதைப் புதுப்பிக்க வேண்டும். அந்த நான்கு எழுத்துகளுக்காக என் சம்பளத்தில் ஒரு ரூபாயும் கூடப் போவதில்லை.

அப்படியானால் எதற்கு என்றால், ஒரு தடிமன் குளிசைக்காகத்தான். நான்கு ஆண்டுகளுக்கு முன்னர், எங்கள் ஒழுங்கையில் இருக்கும் எண்பது வயதை அண்மித்த ஐயா ஒருவர் மூக்கு ஒழுகுகிறது என்று வந்தார். வழக்கமாக எல்லோருக்கும் கொடுப்பதுபோலக் குளோர்பெனிரமின் குளிசை பத்தை எண்ணி, உறையில் போட்டு, இரவில் ஒன்று என்று எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் அவருக்குச் சலம் அடைத்து, வைத்தியசாலையில் குழாய் போட வேண்டியதாகிவிட்டது. அவருக்கு ஏற்கெனவே புரஸ்ரேற் சுரப்பி வீக்கம் இருந்தது. அதைப் பற்றி நான் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவுமில்லை. குளோர்பெனிரமின்போல, நரம்பின் செய்தியைத் தசைக்குக் கொண்டுபோகும் அசற்றைல்கோலினைத் தடுக்கும் மருந்துகள் சிறுநீர்ப்பையின் தசையைத் தளர்த்தும் என்பதைப் பட்டப்படிப்பில் படித்துப் புள்ளியும் வாங்கியிருந்தேன். மூக்கில் ஒழுகுவதை நிறுத்தும் அதே வேலையை மருந்து வேறிடத்திலும் செய்யும் என்பது அந்த உறையை ஒட்டும்போது என் கைக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்த ஐயா இன்றும் என்னிடம்தான் மருந்து வாங்குகிறார். அன்று நடந்ததை அவர் என் தவறாக எண்ணவே இல்லை என்பதுதான் எனக்குக் கூடுதலாக உறுத்துகிறது.

படிப்பின் முதல் இரண்டு மாதங்கள் பெயர்களிலும் அலகுகளிலும் போயின. நாம் பரசிற்றமோல் என்பதை அவர்கள் அசற்றமினோபென் என்கிறார்கள். சல்பியூற்றமோல் அங்கே அல்பியூற்றரோல், கிளிபென்கிளமைட் அங்கே கிளைபியூரைட். இவை பழகிவிடும். அலகுகள் அப்படியல்ல. சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று கணிக்க, 1976 இல் கொக்ரொஃப்ற், கோல்ற் என்ற இருவர் வெளியிட்ட சூத்திரம் முதியோர் மருந்துப் படிப்பில் அன்றாடச் சோறுபோல. 140 இலிருந்து வயதைக் கழித்து, வருவதை எடையால் பெருக்கி, இரத்தத்தில் இருக்கும் கிரியேற்றினின் என்ற கழிவுப்பொருளின் அளவின் 72 மடங்கால் வகுத்து, பெண்ணாயின் 0.85 ஆல் பெருக்க வேண்டும். பயிற்சிக்காக எங்கள் பெரியம்மாவின் அறிக்கையை எடுத்தேன்: வயது 78, எடை 42 கிலோ, கிரியேற்றினின் 97. கணித்தால் நிமிடத்துக்கு 0.3 மில்லிலீற்றர் என்று விடை வந்தது. பெரியம்மா அந்நேரம் முற்றத்தில் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தார்; அந்த விடைப்படி அவர் இரத்தச் சுத்திகரிப்புக் கட்டிலில் இருந்திருக்க வேண்டும்.

ஆய்வுகூடம் கிரியேற்றினினை மைக்ரோமோலில் தந்திருந்தது. சூத்திரம் கேட்பது டெசிலீற்றருக்கு எத்தனை மில்லிகிராம் என்பதை. 97 ஐ 88.4 ஆல் வகுத்தால் 1.1. இப்போது விடை 28, அதுவும் குறைவான எண்தான். எனக்கு உண்மையான அதிர்ச்சி இந்த இரண்டாவது விடையில்தான் இருந்தது. ஏனென்றால் அறிக்கையில் அந்த 97 க்குப் பக்கத்தில் எந்த அடையாளமும் இல்லை. நாற்பது வயதுக்காரரின் அறிக்கையில் இருந்தால் நானும் கண்ணை எடுத்திருப்பேன். கிரியேற்றினின் தசையிலிருந்து வருவது. வயதோடு தசை குறைந்தால் உற்பத்தியும் குறையும், அதனால் வடிகட்டல் பாதியாகிப்போன சிறுநீரகம்கூட அறிக்கையில் நல்ல பிள்ளையாகத் தோன்றும். ஆய்வுகூடங்கள் இப்போது கிரியேற்றினினோடு சேர்த்துக் கொடுக்கும் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற வடிகட்டல் மதிப்பீட்டுச் சமன்பாட்டில் இதே பெரியம்மாவைப் போட்டால் 51 வருகிறது. அது சராசரி உடற்பரப்புக்குச் சமன்படுத்திய எண் என்பதால், 42 கிலோ எடையுள்ள மெலிந்த உடம்பில் இரண்டும் இவ்வளவு தூரம் விலகி நிற்கின்றன. சிறுநீர்த் தொற்றுக்கு நைற்றோஃபூரன்ரொயின் எழுதப்பட்டால், பியர்ஸ் பட்டியல் வைக்கும் எல்லை கொக்ரொஃப்ற் வழியில் 30; அதற்குக் கீழே என்றால் தவிர்க்க வேண்டும். பெரியம்மா எந்த எண்ணைப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து எல்லைக்கு அப்பாலும் இப்பாலும் நிற்கிறார். அன்றிலிருந்து மருந்தகத்தின் கல்லாவுக்குப் பக்கத்தில் ஓர் எடைத் தராசை வைத்திருக்கிறேன். முதலாளி அதைப் பார்த்து, ஆட்களுக்கு எடை பார்த்துக் காசு வாங்கப் போகிறேனா என்று கேட்டார்.

பியர்ஸ் பட்டியல் என்றேன். மார்க் பியர்ஸ் என்ற மருத்துவர் தம் குழுவினருடன் 1991 இல், பராமரிப்பு இல்லங்களில் வாழும் முதியோருக்குப் பொருந்தாத மருந்துகள் என்று தொகுத்ததில் இது தொடங்கியது. பின்னர் அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் பொறுப்பேற்றுத் திருத்தி வருகிறது. நான் படிப்பது 2023 ஆம் ஆண்டுப் பதிப்பு. மனப்பாடம் செய்ய ஏற்றது என்பதால் எல்லோரும் இதைத்தான் முதலில் கையில் எடுக்கிறார்கள். ஆனால் இதைத் தடைப்பட்டியலாகப் படிப்பவர் பரீட்சையிலும் இடறுவார், கல்லாவிலும் இடறுவார். அதன் தலைப்பிலேயே "பொருத்தமற்றதாக இருக்கக்கூடிய" என்ற சொல் இருக்கிறது. இதயத் துடிப்பு ஒழுங்கற்றிருக்கும் முதியவருக்கு, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரினைப் புதிதாகத் தொடங்குவதைத் தவிர்க்கச் சொல்லும் அதே குறிப்பு, மாற்று மருந்துகள் பொருந்தாதபோதோ அவற்றைப் பெறப் பெருந்தடை இருக்கும்போதோ விலக்கு அளிக்கிறது. பெருந்தடை என்பது என்ன என்று தம்பலகாமத்திலிருந்து பஸ்ஸில் வந்து, மருந்தின் விலையைக் கேட்டுவிட்டு, கைப்பையைத் திறக்காமலே திரும்பிப் போகும் முகங்களைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கிளிபென்கிளமைட் விடயத்தில் மட்டும் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. உடலில் நெடுநேரம் நிற்கும் அந்த நீரிழிவுக் குளிசை, வயதானவர்களின் சீனியை ஆபத்தான அளவுக்கு இறக்கக்கூடியது. பாடப்புத்தகத்தில் அதற்கு உதாரணமாக, சாப்பிட மறந்த பாட்டி ஒருவர் வருகிறார். இங்கே மறதி தேவையில்லை. கிண்ணியாவிலும் மூதூரிலும் எழுபது வயதைக் கடந்தும் நோன்பைத் தவறவிடாதவர்கள் எத்தனையோ பேர். காலைக் குளிசையை ஸஹருக்கு, அதாவது நோன்பு தொடங்குமுன் உண்ணும் விடிகாலைச் சாப்பாட்டுக்கு, மாற்றிப் போட்டுவிட்டு, பின்னேரம் நான்கு மணிக்கு வியர்த்து விழுந்த ஒரு வாப்பாவை அவருடைய மகன் என்னிடம்தான் முதலில் கூட்டிவந்தார். ஆகவே றமழானுக்கு ஒரு மாதம் முன்னரே, நீரிழிவு மருந்து வாங்க வருபவர்களிடம் "நோன்பு பிடிப்பீங்களா?" என்று கேட்டு, ஆம் என்றால் வைத்தியரிடம் போய் அளவை மாற்றிக்கொண்டு வரும்படி துண்டு எழுதிக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறேன்.

காலை நாலரை மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் புத்தகம் படிப்பது ஒரு முறை. இரண்டாவது முறையை நானாகவே கண்டுபிடித்துக்கொண்டேன்: சொப்பின் பை. வயதானவர்களிடம், வீட்டில் இருக்கும் குளிசை அத்தனையையும் கிளினிக் கொப்பியோடு அள்ளிக்கொண்டு வரச் சொல்வேன். பின்னேரம் கூட்டம் குறைந்த வேளையில் பையைக் கல்லாவில் கவிழ்த்து, ஒவ்வொரு குளிசைக்கும் இது எதற்காக, எப்போது, யார் தொடங்கியது என்று மூன்று நிரல்களில் எழுதுவோம். 2022 இல் மருந்துத் தட்டுப்பாடு இருந்த காலத்தில் கம்பனி மாறி மாறி வந்ததால், இரத்த அழுத்தத்துக்கான ஒரே லொசார்ட்டன் மூன்று நிற அட்டைகளில் கிடந்து, மூன்றையும் மூன்று மருந்து என்று நினைத்துப் போட்டுக்கொண்ட ஓர் ஆச்சியை அப்படித்தான் பிடித்தேன்.

மூன்றாவது நிரல்தான் பெரும்பாலும் கதையைச் சொல்லும். ஓர் அம்மாவின் கொப்பியில் தைமாதம் இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் 5 இலிருந்து 10 மில்லிகிராம் ஆகியிருந்தது. மாசியில் கால் வீக்கம் என்று எழுதியிருந்தது. பங்குனியில் வேறோர் இடத்தில், சலம் போக்கும் ஃபுரோசமைட் சேர்ந்திருந்தது. சித்திரையில் இரவில் சலத்துக்கு எழும்பும்போது குசினி வாசற்படியில் விழுந்திருந்தார். அம்லோடிபினால் வரும் கால் வீக்கம் உடலில் நீர் கூடியதால் வருவதல்ல. நுண்குழாய்களிலிருந்து கசிவதால் வருவது. சலம் போக்கும் குளிசை அதற்கு அவ்வளவாக உதவாது. ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புதிய நோயென்று எண்ணி இன்னொரு மருந்தை எழுதுவதற்கு 1990 களிலிருந்தே ஆங்கிலத்தில் பெயர் இருக்கிறது. நான் என் குறிப்புக் கொப்பியில் அதை "மருந்துத் தொடரடி" என்று எழுதி வைத்திருக்கிறேன். வைத்தியருக்கு மரியாதையாக நான்கு வரி எழுதி, திகதிகளை மட்டும் வரிசையாகக் கொடுத்தேன். முடிவு எதையும் நான் சொல்லவில்லை. அம்லோடிபின் பழைய அளவுக்கு இறங்கியது. அடுத்த மாதம் அந்த அம்மா பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தார்.

அமெரிக்க மருத்துவக் காப்புறுதி விதிகளைப் படிப்பது சுண்ணாம்பு தின்பதுபோல இருக்கிறது. அதைப் பற்றி இங்கே எழுதி உங்களையும் வருத்தப் போவதில்லை. ஆய்வுப் புள்ளிவிபரக் கேள்விகளும் எனக்குப் பலவீனம்.

சென்ற கிழமை வந்த பை வேறு மாதிரி. எழுபத்திரண்டு வயதான, முன்னாள் ஆசிரியர் ஒருவர். கை நடுங்குகிறது, கையெழுத்துச் சிறுத்துவிட்டது. அதற்குப் பென்செக்சோல் போடுகிறார். இப்போது பேரப்பிள்ளைகளின் பெயர் மாறிப்போகிறது என்று மனைவி சொன்னார். பென்செக்சோல் பட்டியலில் இருக்கிறது. மறதிக்கு அது காரணமாக இருக்கலாம் என்று உடனே குறித்துக்கொண்டேன். நடுக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடியபோது பையின் அடியில் சின்னரசின் அட்டை கிடந்தது. தலைச்சுற்றுக்காக இரண்டு ஆண்டுகளாக, வைத்தியரின் துண்டு இல்லாமலே, ஒவ்வொரு கடையிலும் வாங்கிப் போட்டிருக்கிறார். வயதானவர்கள் நீண்டகாலம் பாவித்தால் பார்க்கின்சன் போன்ற நடுக்கத்தைத் தரக்கூடிய மருந்து அது. பியர்ஸ் பட்டியலில் அதைத் தேடினால் கிடைக்காது, ஏனென்றால் அமெரிக்காவில் அது விற்பனையிலேயே இல்லை. ஆகவே என் பரீட்சையில் அது வரப்போவதில்லை. அவர் வாங்கிய கடைகளில் எங்கள் கடையும் ஒன்று என்பதை எங்கள் ஒட்டுத்தாள் காட்டியது, எழுத்து என்னுடையது.

இரண்டு மருந்துகளின் தொடக்கத் திகதிகளை ஒரு தாளில் எழுதி, சின்னரசினை முதலில் போட்டு, அடியில் கையெழுத்து வைத்துக் கொடுத்திருக்கிறேன். வைத்தியர் சொல்லும்வரை பென்செக்சோலைத் தானாக நிறுத்த வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னேன். "ரீச்சர் மாதிரிக் கதைக்கிறாய் பிள்ளை" என்றார். அடுத்த செவ்வாய்க்கிழமை அவருக்குக் கிளினிக்.