நல்ல முதலாளி இருந்தா போதுமா?

அய்சையா பெர்லின்னு ஒரு தத்துவ அறிஞர் 1958ல ஆக்ஸ்ஃபோர்டுல ஒரு லெக்சர் குடுத்தாரு, சுதந்திரத்தைப் பத்தி யார் பேசுனாலும் இன்னைக்கும் அதத் தொட்டுட்டுத்தான் போவாங்க. சுதந்திரம் ரெண்டு வகை, ஒண்ணு நம்ம வேலையில யாரும் குறுக்க வராம இருக்கறது, இன்னொண்ணு நம்மள நாமளே ஆளுறது, இதுல ரெண்டாவதைப் பிடிச்சுக்கிட்டு 'உனக்கு எது நல்லதுன்னு எனக்குத் தெரியும்'னு சொல்லி சர்வாதிகாரிங்க ஜனங்க தலைமேல ஏறி உக்காந்துருவாங்கங்கறதுதான் அவரோட பயம். ஹிட்லர், ஸ்டாலின் காலத்தைப் பாத்த மனுசன், அந்தப் பயம் நியாயமானது. நமக்கு எத்தனை கதவு திறந்திருக்குங்கறதுதான் கணக்குன்னு பின்னாடி எழுதுனாரு.

கதவுக்கு எங்க பக்கம் பஞ்சமே இல்ல. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான்னு எங்க போனாலும் பெரிய பெரிய செட்டிநாட்டு வீடுங்க, முகப்புலேர்ந்து பின்கட்டு வரைக்கும் வரிசையா கதவு, சொந்தக்காரவுக சென்னைலயோ சிங்கப்பூர்லயோ இருப்பாக, வீட்டைப் பாத்துக்க ஒரு குடும்பம் பின்னாடி இருக்கும். எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா அப்படித்தான் இருக்காக. வாடகை கிடையாது, ஒப்பந்தம்னு ஒரு எழுத்தும் கிடையாது. வீட்டுக்குச் சொந்தக்கார ஆச்சி தங்கமானவுக, 'எந்த ரூமை வேணாலும் பொழங்கிக்க'ன்னு சொல்லிட்டாக, ஒரு நாள் அதட்டிப் பேசுனதில்ல. ஆனா அக்கா வளவுல, அதான் வீட்டு நடு முற்றத்துப் பக்கம், உக்காந்து நான் பாத்ததே இல்ல, ஆச்சி போன் வந்தா டிவியை அணைச்சு, எந்திரிச்சு நின்னு, முந்தானையைச் சரி பண்ணிட்டுத்தான் 'சொல்லுங்க ஆச்சி'ம்பாக, மகனுக்குப் பொண்ணு பாக்குறப்பகூட ஆச்சிக்குப் பிடிக்குமோ என்னமோன்னு யோசிச்சாக.

பெர்லின் கணக்குப்படி எல்லாக் கதவும் திறந்துதான் இருக்கு, யாரும் குறுக்க வரல. அப்புறம் அக்காவுக்கு ஏன் இந்தப் பயம்?

இதுக்கு எனக்குக் கிடைச்ச நல்ல பதில் ஃபிலிப் பெட்டிட்ங்கற தத்துவ அறிஞர் 1997ல எழுதுன புத்தகத்துலதான். ஒருத்தர் நம்ம விஷயத்துல தலையிடுறாரா இல்லையாங்கறது இல்ல, நினைச்சா தலையிடுற அதிகாரம் அவர் கையில இருக்காங்கறதுதான் கேள்வின்றாரு. பழைய ரோம்ல இருந்து வர்ற யோசனை இது, எஜமான் எவ்வளவு நல்லவனா இருந்தாலும் அடிமை அடிமைதான். ஆச்சி மனசு நாளைக்கு மாறலாம், இல்ல அவுகளுக்கு அப்புறம் பேரன் வந்து வீட்டை ஹோட்டலா மாத்தலாம், அக்காவால ஒரு வார்த்தை கேக்க முடியாது. பயமும் குழைவும் இல்லாம கண்ணைப் பாத்துப் பேச முடியுதாங்கறதுதான் பெட்டிட் வைக்கிற டெஸ்ட்.

சுதந்திரத்துக்கு எதிரி அரசாங்கம் மட்டும்தான்னு வாதாடுறவங்க எங்க மண்ணோட சரித்திரத்தைப் படிக்கணும். 1930 டிசம்பர்ல, அன்னைய ராமநாதபுரம் ஜில்லாவுல, ஆதிக்க சாதிக்காரங்க தாழ்த்தப்பட்ட ஜனங்களுக்கு 8 தடை போட்டாங்க. தங்கம் வெள்ளி நகை கூடாது, சட்டை பனியன் கூடாது, மண்பாத்திரம் தவிர வேற பொழங்கக்கூடாது, குடை செருப்பு கூடாது, மீறுனவங்க குடிசைக்குத் தீ வெச்சாங்க. அடுத்த வருசம் அது 11 தடை ஆச்சு, புள்ளைங்க படிக்கக்கூடாதுங்கறதும் அதுல ஒண்ணு. 1931 சென்சஸ் கமிஷனரா இருந்த ஹட்டன் இதையெல்லாம் எழுதி வெச்சிருக்காரு. இதுல ஒண்ணுகூட சர்க்கார் போட்ட சட்டம் இல்ல. படிக்கப் படிக்க எனக்கு வயிறு எரியுது.

அப்ப சட்டம் உள்ள வரணும், வேற வழியில்ல. அரசாங்கமே பெரிய எஜமான் ஆயிட்டா என்ன பண்றதுன்னு கேப்பாங்க. எதிர்த்துக் கேக்க ஜனங்களுக்கு வழி இருக்கணும், கோர்ட்டு, எலெக்‌ஷன், தட்டிக் கேக்கற அமைப்புங்கன்னு பெட்டிட் சொல்றாரு, எனக்கு அது பாதி பதிலாத்தான் படுது, தாலுகா ஆபீசுக்கு மனு குடுக்கப் போறவங்க இன்னமும் கையைக் கட்டிக்கிட்டுத்தானே நிக்கிறாங்க.

அக்காவுக்கு வேண்டியது ஒரு எழுத்து. இத்தனை வருசம் இருக்கலாம், காலி பண்ணணும்னா ஆறு மாசம் முன்னாடி சொல்லணும்னு. கேளுங்கன்னேன், 'கேட்டா ஆச்சி சங்கடப்படுவாகளே'ன்னாக. முன்னோருக்குக் கும்பிடுற படைப்புக்கு ஆச்சி ஊருக்கு வர்றப்ப நானும் கூட வந்து பேசுறேன்னு சொல்லிருக்கேன், ஆனா நீங்களும் பக்கத்துல உக்காந்துதான் பேசணும்னும் சொல்லிட்டேன்.