குழித் தண்ணீரைத் தெளிய வைத்த கதை

இலங்கையில் இரத்தினபுரிப் பக்கம் மாணிக்கக் குழி வெட்டுகிறவர்களுக்குக் கல்லைத் தேடுவதைவிடத் தண்ணீரோடு மல்லுக்கட்டுவதுதான் பெரிய வேலை. மாணிக்கம் தங்கும் கூழாங்கல் படையை இங்கே இல்லம் என்போம். எங்கள் குழியில் அது 25 அடியில் இருந்தது. 12 அடியிலேயே ஊற்று வந்துவிட்டது. பம்பை ஒரு இரவு நிறுத்தினால் விடியும்போது பாதிக் குழி நிறைந்திருக்கும். சுவரைத் தாங்கும் மரச்சட்டத்துக்குப் பின்னால் அடைத்த கெக்கில்ல என்னும் பன்னச் செடி ஊறி, சுவர் மண் கசிய ஆரம்பிக்கும். அதனால் பம்பு ஓடியே ஆக வேண்டும். அந்தத் தண்ணீரை எங்கே விடுவது?

முதல் மாதம் வாய்க்காலில்தான் விட்டோம். அது பெரிய தப்பு. கீழே வயல் வைத்திருக்கும் பெரியவர் ஒருநாள் மேலே ஏறி வந்தார். சத்தம் போடவில்லை. கையில் கொண்டுவந்த நெற்பயிரின் தாளை இரண்டு விரலால் உருவி, விரலைக் காட்டினார். மஞ்சள் களிமண் அப்பியிருந்தது. "மல்லி, வேர்லயும் இதுதான்" என்றார். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி. அன்று சாப்பாடே இறங்கவில்லை. அனுமதிப்பத்திரத்தில் எழுதியிருப்பது ஒரு பக்கம். அந்த மனிதர் ஒரு போகத்தை இழப்பது நம் கையால்தானே.

மறுநாளே பத்தடி ஆழத்தில் ஒரு குழி தோண்டித் தண்ணீரை அதில் விட்டோம். பலன் இல்லை. ஒரு பக்கம் விழுந்த தண்ணீர், மேலாகவே ஓடி மறுபக்கம் அதே நிறத்தில் வெளியேறியது. அப்புறம்தான் ஒரு கண்ணாடிப் போத்தலில் குழித் தண்ணீரைப் பிடித்து ஜன்னலில் வைத்துப் பார்த்தேன். மணல் ஒரு நிமிடத்தில் அடியில் உட்கார்ந்தது. வண்டல் சாயங்காலத்துக்குள் இறங்கியது. களி மட்டும் மறுநாள் காலையிலும் பால் தேத்தண்ணி மாதிரி அப்படியே நின்றது.

எங்களோடு வேலை செய்த மூத்த அண்ணன் ஒருவர் சொன்னதுதான் திருப்பம்: "ஆழமா வெட்டாத தம்பி, அகலமா வெட்டு." உண்மைதான். அடியில் கிடக்கும் தண்ணீர் அசைவதில்லை. மேலே இருப்பதுதான் ஓடுகிறது. பரப்பு கூடினால் ஓட்டம் மெல்லமாகும், மண்ணுக்கு இறங்க நேரம் கிடைக்கும்.

மூன்று தொட்டிகள் வெட்டினோம். முதலாவது சின்னது, மணலுக்கு. இரண்டு நாளைக்கு ஒருமுறை மண்வெட்டியால் அள்ளினோம். இரண்டாவது 30 அடி நீளம், 15 அடி அகலம். அதன் வாயில் குழாய் வைக்காமல் ஒரு நீளப் பலகையை மட்டம் பார்த்துப் பதித்தோம். பலகை கொஞ்சம் சாய்ந்தாலும் தண்ணீர் ஒரு மூலையில் கூடிப் பாய்ந்து களியைக் கிளப்பிவிடும். மட்டமாக இருந்தால் மெல்லிய தாள் போல வழியும். மூன்றாவது தொட்டித் தண்ணீரில்தான் இல்லம் கழுவினோம். கழுவிய தண்ணீர் திரும்ப முதல் தொட்டிக்கே போகும். ஓடையிலிருந்து தனியாக இறைப்பது அன்றோடு நின்றது.

களியை முழுசாகப் பிடிக்க முடியவில்லை. கழுவுகிற நாளில் கடைசி வாயை அடைத்து இரண்டு இரவு வைத்திருந்து, பிறகு வாய்க்காலில் விடாமல் புல் தரையில் பரவவிட்டோம்.

இவ்வளவும் மே மாத மழைக்கு முன்னால் சரி. இங்கே மழை சாதாரண மழை இல்லை, கொட்டும். முதல் பெருமழையிலேயே தொட்டிகள் நிரம்பி, பிடித்து வைத்த களியெல்லாம் கீழே போனது. அதற்குப் பிறகு மேட்டுப் பக்கம் சுற்றி ஒரு கான், அதாவது வடிகால், வெட்டி, மழைத் தண்ணீர் எங்கள் தொட்டிக்குள் வராமலே ஒதுங்கிப் போகச் செய்தோம். இதைத்தான் முதல் நாளே செய்திருக்க வேண்டும். நல்ல தண்ணீரைச் சேற்றில் கலக்கவிட்டுப் பிறகு தெளியவைப்பது இரட்டை வேலை.

பக்கத்து வீட்டுக் கிணறு இரண்டடி இறங்கியதற்கு மட்டும் எங்களிடம் வழி இருக்கவில்லை, குழியைச் சீக்கிரம் முடிப்பதைத் தவிர.

மூடும்போது கல், களி, கடைசியாகத் தனியே குவித்து வைத்திருந்த மேல்மண் என்று போட்டோம். மூடிய பிறகுதான் அனுமதிக்காகக் கட்டிய வைப்புப் பணம் திரும்பும். மூன்றாம் தொட்டியை மட்டும் விடச் சொல்லி வயல்காரப் பெரியவர் கேட்டார், கோடையில் உதவும் என்று. பார்க்க வந்த அதிகாரி, நின்ற தண்ணீரில் கொசு வரும், டெங்கு வரும், மூடத்தான் வேண்டும் என்றார். பெரியவரும் எங்களோடு நின்று மண் தள்ளினார்.