ஆசியா என்றொரு கல்

நேற்றிரவு தேவனாம்பட்டினம் கடற்கரையில் அக்கா மகள் வானத்தைப் பார்த்தபடி கேட்டாள்: "மாமா, நம் பக்கத்திலிருந்து யாராவது வானத்தில் எதையாவது கண்டுபிடித்திருக்கிறார்களா?"

எத்தனை நாள் காத்திருந்த கேள்வி!

1861 ஏப்ரல் 17. சென்னை நுங்கம்பாக்கத்து வான் ஆய்வுக்கூடத்தில் ஆங்கிலேய வானியலாளர் நார்மன் போக்சன் ஒரு புதிய சிறுகோளைக் கண்டார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு 'ஆசியா' என்றே பெயரிட்டார். வரிசை எண் 67. அன்று புகைப்படத் தட்டு உதவவில்லை. விண்மீன் வரைபடத்தையும் தொலைநோக்கி வழியே வானத்தையும் மாறி மாறிப் பார்த்து, இடம் நகரும் புள்ளியைக் கண்ணாலேயே பிடிக்க வேண்டும். அந்தப் பொறுமையை நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கிறது.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலான சிறுகோள் பட்டையின் உட்பகுதியில், ஏறக்குறைய 3.8 ஆண்டுகளுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றும் பாறை அது. குறுக்களவு சுமார் 60 கிலோமீட்டர்; கடலூரிலிருந்து சிதம்பரம் போவதைவிடச் சற்று அதிகம்.

அதே ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஒரு மாறொளி விண்மீனை, அதாவது ஒளி கூடிக் குறையும் விண்மீனைக் கண்டறிந்தார். இந்தப் பெயரை நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

"அந்தக் கல் இப்போது தெரியுமா?" என்றாள். வெறுங்கண்ணுக்குத் தெரியாது என்றேன். ஆனாலும் வெகுநேரம் தேடிக்கொண்டிருந்தாள்.