கூலண்ட் கசிவின் மூலத்தைத் தேடியதும் வாட்டர் பம்ப்பை மாற்றியதும்

என் காரின் கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) டேங்கில் அளவு மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வந்தது. ஆனால் வண்டி நின்ற இடத்தில் ஒரு சொட்டு ஈரம்கூடத் தெரியவில்லை, வெப்பத்தைக் காட்டும் முள்ளும் வழக்கமான இடத்தை விட்டு அசையவில்லை. தேடிக் கண்டுபிடிக்க மிகவும் சிரமமான கசிவு இந்த வகைதான். சூடான எஞ்சின்மேல் விழும் சிறு துளிகள் தரையைத் தொடும் முன்பே ஆவியாகிவிடும். எஞ்சின் அடியில் பிளாஸ்டிக் தட்டு இருந்தால், மிச்சத்தை அது ஏந்திக்கொள்ளும். ஆனால் மூடிய குளிரூட்டும் அமைப்பில் கூலண்ட் தானாகச் செலவாவதில்லை. டேங்கில் குறைகிறதென்றால், அது எங்கோ வழியே வெளியேறுகிறது, அல்லது எஞ்சினுக்குள்ளேயே எரிந்து போகிறது. எனவே குறைந்ததை ஊற்றி நிரப்பியபடி ஓட்டுவதிலும், கசிவடைப்புத் திரவத்தைக் கலந்துவிட்டு நிம்மதி அடைவதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்தத் திரவம் ஓட்டையை அடைப்பதோடு நிற்காமல் காருக்குள் வெப்பக் காற்றைத் தரும் ஹீட்டர் கோரின் நுண்ணிய குழாய்களையும் அடைத்துவிடக்கூடும்.

முதலில் எஞ்சினுக்குள் கசிவு இல்லை என்பதை உறுதி செய்துகொள்ள விரும்பினேன். எஞ்சின் பிளாக்குக்கும் அதன் தலைப்பகுதிக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட் பழுதாகியிருந்தால் வேலையின் அளவே வேறாகிவிடும். ஆயில் மூடியின் உட்புறத்திலும், ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கிலும் பால்போன்ற படிவு இல்லை. எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின் புகைபோக்கியில் வெண்புகையும் இல்லை. இவை மட்டும் போதாதென்று, ரேடியேட்டர் வாயில் பொருத்திச் செய்யும் இரசாயனச் சோதனையையும் செய்தேன். எஞ்சினில் எரிந்த வாயு கூலண்டுக்குள் கலந்திருந்தால் அதிலுள்ள நீலத் திரவம் மஞ்சளாக மாறும்; எனக்கு அது நீலமாகவே இருந்தது. காருக்குள் முன் இருக்கைகளின் கீழிருந்த விரிப்பு உலர்ந்திருந்தது, இனிப்பு வாடை ஏதும் இல்லை, முன்கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்குப் போன்ற மூட்டம் படியவுமில்லை. ஆகவே ஹீட்டர் கோரையும் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கினேன்.

எஞ்சியது வெளிக்கசிவு. இதற்குப் பிரஷர் டெஸ்டரைவிட நல்ல கருவி எனக்குத் தெரியவில்லை. ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, அதன் இடத்தில் கையால் அழுத்தும் பம்ப் ஒன்றைப் பொருத்தி, மூடியில் அச்சிட்டுள்ள அளவுக்கு மட்டும் அழுத்தம் ஏற்ற வேண்டும். என் வண்டிக்கு அது 1.1 பார். வெறும் நீரே 1 பார் கூடுதல் அழுத்தத்தில் ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும் என்பதால், அந்த அழுத்தத்தைப் பிடித்து வைக்க முடியாத அமைப்பு கொதிநிலைக்கு அருகில் நிற்கும் அமைப்பாகிவிடுகிறது. எஞ்சின் முழுவதும் ஆறிய பின்னரே மூடியைத் தொட வேண்டும். சூட்டில் திறந்தால் கொதிக்கும் கூலண்ட் முகத்தில் பீறிட்டு அடிக்கும். ஆறிய நிலையில் சோதிப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு: உலோகமும் ரப்பரும் சுருங்கியிருப்பதால், சூட்டில் தாமாக அடைபட்டுக்கொள்ளும் நுண்ணிய இடைவெளிகள் அப்போதுதான் தம்மைக் காட்டிக்கொடுக்கும்.

அழுத்தமானியின் முள் மிக மெதுவாகக் கீழிறங்கியது. கண்ணில் முதலில் பட்டது ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் இணைப்பு; அங்கே கூலண்ட் உலர்ந்து இளஞ்சிவப்புப் பொருக்காகப் படிந்திருந்தது. கிளாம்ப்பை மாற்றினால் போதும் என்று தோன்றும் இடம் அதுதான். ஆனால் ஈரம் தென்படும் இடமும் கசியும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை. கூலண்ட் கீழ்நோக்கி வழியும். விசிறிக் காற்றும் ஓடும் பெல்ட்டும் அதைப் பின்னாலும் பக்கவாட்டிலும் சிதறடிக்கும். ஆகையால் படிவுகளுள் எது மிக மேலேயும் முன்னேயும் இருக்கிறதோ அங்கிருந்தே தேட வேண்டும். பழைய படிவுகள் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து உலர்த்திவிட்டு, மீண்டும் அழுத்தம் ஏற்றி, டார்ச்சும் சிறு கண்ணாடியுமாகப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹோஸ் இணைப்பு உலர்ந்தே இருந்தது. கூலண்டைச் சுழலவிடும் வாட்டர் பம்ப்பின் அடிப்பக்கம் ஒரு துளி திரண்டு, தயங்கி, கீழே விழுந்தது.

அந்தத் துளி வந்த இடம் பம்ப் உடலில் வேண்டுமென்றே விடப்பட்ட சிறு துளை. பம்ப்பின் தண்டில் உட்புறம் கூலண்டைத் தடுக்கும் சீலும் வெளிப்புறம் தண்டைத் தாங்கும் பேரிங்கும் இருக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியிலிருந்து வெளியே திறக்கும் வழி இது. சீல் தேய்ந்து கூலண்ட் தாண்டி வந்தால், பேரிங்கின் கிரீஸைக் கழுவிக்கொண்டு போகாமல் இத்துளை வழியாக வெளியேறிவிடும். துளையைப் பசை வைத்து அடைத்துவிடலாம் என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைவிட விரைவாகப் பேரிங்கைக் கொல்லும் வழி வேறில்லை. துளையின் விளிம்பில் லேசான கறை மட்டும் இருந்தால் அதைப் பெரிதுபடுத்த வேண்டாம்; சீலின் முகப்பு மெல்லிய கூலண்ட் படலத்தின்மேல் சுழல்வதால் சிறிதளவு கசிவு இயல்பே. துளி விழுவதும் தொடர்ச்சியான வழிதடம் இருப்பதும் வேறு கதை. பெல்ட்டை எடுத்துவிட்டு, அது ஓடும் சக்கரமான புல்லியைப் பிடித்து ஆட்டியபோது கையில் மெல்லிய ஆட்டமும் உணர முடிந்தது. பம்ப்பை மாற்றுவது என்று முடிவானது.

என் எஞ்சினில் பம்ப்பை இயக்குவது வெளிப்புற பெல்ட். வால்வுகள் திறக்கும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் டைமிங் பெல்ட்டால் இயங்கும் பம்ப்பாக இருந்திருந்தால் பம்ப், பெல்ட், அதை இறுக்கி வைக்கும் டென்ஷனர் மூன்றையும் ஒன்றாகவே மாற்றியிருப்பேன். பல எஞ்சின்களில் அங்கே குறி தவறினால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும் அபாயம் உண்டு. பழக்கமில்லாதவர்கள் அந்த வகையைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

கழற்றும் வேலை விரைவாகவே முடிந்தது. பாட்டரியின் எதிர்முனையைத் துண்டித்து, கூலண்டை வடித்து, பெல்ட்டைத் தளர்த்தும் முன்பே புல்லியின் போல்ட்டுகளை இளக்கினேன். பெல்ட் இறுக்கமாக இருக்கும்போதுதான் புல்லி சுழலாமல் நிற்கும். பம்ப்பைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் ஒரே நீளத்தில் இருப்பதில்லை. அட்டை ஒன்றில் பம்ப்பின் வடிவத்தை வரைந்து, ஒவ்வொன்றையும் அதன் இடத்திலேயே குத்தி வைத்தேன். துருப்பிடித்து இறுகிய ஒன்றுக்கு ஊடுருவும் எண்ணெய் விட்டுக் காத்திருந்து, முதலில் சற்று இறுக்கிப் பிறகு இளக்கியதும் அசைந்து கொடுத்தது.

நேரத்தைத் தின்றது பழைய கேஸ்கெட்டைச் சுரண்டும் வேலைதான். எஞ்சின் முகப்பு அலுமினியம்; இரும்புக் கத்தியால் சுரண்டினால் விழும் கீறலே அடுத்த கசிவுக்குப் பாதையாகும். பிளாஸ்டிக் சுரண்டியைத்தான் பயன்படுத்தினேன். துணுக்குகள் உள்ளே போகாதபடி எஞ்சினின் திறந்த வாயில் துணியைத் திணித்து வைத்தேன். புதிய பம்ப்பைப் பழையதன் அருகில் வைத்து, போல்ட் துளைகள், கூலண்டைத் தள்ளும் இம்பெல்லரின் விட்டம், அதன் இறக்கைகள் வளைந்திருக்கும் திசை எல்லாவற்றையும் ஒப்பிட்டேன். பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும் பம்ப்புகளில் எதிர்த்திசையில் சுழல்பவையும் உள்ளன.

கையேடு சொன்னபடி கேஸ்கெட்டை உலர்ந்த நிலையிலேயே வைத்தேன். அதன்மேல் பசையையும் பூசினால் பாதுகாப்பு இரட்டிப்பாகிவிடாது. பிதுங்கிய பசை உடைந்து ரேடியேட்டரை நோக்கிப் பயணமாகும். நீர்ப்பாதைக்குள் திறக்கும் துளைகளின் போல்ட்டுகளுக்கு மட்டும் மரையில் சீலண்ட் தடவினேன். 6 மில்லிமீட்டர் போல்ட்டுகளுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் முறுக்கே போதுமானது. நீண்ட ஸ்பேனரால் அந்த அளவைக் கை எளிதில் மீறிவிடும் என்பதால், முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கொண்டு எதிரெதிராக, இரண்டு கட்டங்களில் இறுக்கினேன்.

கூலண்டைக் கையேட்டில் குறிப்பிட்ட வகையைப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். நிறத்தை நம்ப முடியாது. செறிவான கூலண்டையும் காய்ச்சி வடித்த நீரையும் சரிபாதி கலந்தேன். குழாய் நீரிலுள்ள தாதுக்கள் உள்ளே படிந்துகொள்ளும். நிரப்பியதும் எஞ்சினை இயக்காமலேயே மீண்டும் அழுத்தச் சோதனை செய்தேன். முள் நின்ற இடத்திலேயே நின்றது. பிறகு காற்றை வெளியேற்றும் வேலை. வண்டியின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, ஹீட்டரை உச்ச வெப்பத்தில் வைத்து, காற்று வெளியேற்றும் திருகைத் திறந்து, குமிழியின்றி கூலண்ட் வரும்வரை நிரப்பினேன். சூடேறியதும் கூலண்டுக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் திறந்து மேல் ஹோஸ் சூடானபோது மட்டம் சட்டென்று இறங்கியது, மறுபடியும் ஊற்றினேன். ஹீட்டரில் சீராக வெப்பக் காற்று வந்து, விசிறியும் ஒருமுறை ஓடி நின்ற பிறகே மூடியை இறுக்கினேன். முழுவதும் ஆறிய பின் சிறிதளவு குறைந்திருந்தது. அது எங்கோ சிக்கியிருந்த காற்றின் இடம். அதையும் நிரப்பியதோடு மட்டம் நிலைத்துவிட்டது.

வடித்த பழைய கூலண்டை மூடியுள்ள கேனில் அடைத்து, அபாயக் கழிவுகளைப் பெறும் இடத்தில் ஒப்படைத்தேன். கூலண்டிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பானது, ஆனால் கொடிய நஞ்சு. திறந்த பாத்திரத்தில் விட்டால் நாயோ பூனையோ நக்கிவிடும் என்பதால், வேலை நடக்கும்போதே பாத்திரத்தை மூடியே வைத்திருந்தேன்.