முருகைக்கல்லுக்கு மேலே மூன்றடித் தண்ணீர்

பாசிக்குடாவில் கரையிலிருந்து கடலுக்குள் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், நூறு யார் போவதற்குள் தொடை கனத்துவிடும். முழங்காலளவு தண்ணீரில் காலைத் தூக்கி வைக்கலாம். இடுப்புக்கு மேல் ஏறிவிட்டால் தூக்க முடியாது, தண்ணீரைத் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும். மணலில் அது விளையாட்டு. முருகைக்கல் தொடங்கியதும் குழி எது, மேடு எது என்று கால் வைத்த பிறகுதான் தெரியும்.

1943 நவம்பர் 20ஆம் திகதி, பசிபிக்கில் கில்பர்ட் தீவுகளின் தராவாவில், பெட்டியோ என்ற சிறு தீவின் முன்னால் அமெரிக்க மரீன் படையினர் இப்படி 500 முதல் 700 யார் வரை நடந்தார்கள். முதுகில் பை, தலைக்கு மேலே தூக்கிய துவக்கு, எதிரே ஜப்பானியரின் இயந்திரத் துவக்குகள். 76 மணி நேரம் நடந்த அந்தப் போரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பீரங்கியையும் பதுங்கு குழியையும் பேசுவார்கள். படகுத் தொழிலில் இருப்பவன் கேட்கும் முதல் கேள்வி வேறு: கல்லுக்கு மேலே தண்ணீர் எவ்வளவு?

ஒரு படகுக்கு இரண்டு அளவு உண்டு. வெறும் படகு அமிழும் அளவு ஒன்று, சுமையோடு அமிழும் அளவு இன்னொன்று. நம்முடைய பதினெட்டடி ஃபைபர் போட் வெறுமையாக ஓரடிகூட அமிழாது. வலை, ஐஸ் பெட்டி, ஆட்கள் எல்லாம் ஏறி, இஞ்சின் காலையும் இறக்கினால் இரண்டடித் தண்ணீராவது வேண்டும். அதுவும் இல்லாத இடத்தில் இஞ்சினைத் தூக்கிவிட்டுக் கோலால் தாங்கிப் போய்விடலாம். மரீன்கள் வந்த ஹிக்கின்ஸ் படகில் அந்த வழி இல்லை. 36 அடி நீளம், ஒட்டுப்பலகை உடம்பு, உள்ளே 36 பேர் வரை. நிறைசுமையில் ஏறக்குறைய மூன்றரை அடி அமிழும். தட்டாமல் கடக்க 4 அடி தேவை. திட்டத்தில் எதிர்பார்த்தது 5 அடி. அன்று கல்லுக்கு மேலே இருந்தது 3 அடியோ அதற்கும் குறைவோ.

காரணம் நிலா. பூரணையிலும் அமாவாசையிலும் சூரியனும் நிலாவும் ஒரே கோட்டில் நின்று கடலை இழுக்கும். அரை நிலா நாளில் ஆளுக்கொரு பக்கம் இழுப்பதால் ஏற்றமும் குறைவு, வற்றும் குறைவு. அன்று தேய்பிறை அரை நிலா. நிலா பூமியை விட்டு மிகத் தள்ளிப்போகும் நாளும் அதை ஒட்டியே வந்தது. இரண்டும் சேர்ந்தால் கடல் கிடந்த இடத்திலேயே கிடக்கும். (நம் கரையில் ஏற்ற இறக்கம் இரண்டடியைத் தாண்டுவதே அரிது என்பதால் இந்தக் கணக்கு நமக்குப் பழக்கமில்லை.) இந்தச் சேர்க்கையைக் கணக்குப் போட்டுக் காட்டியது 1987இல்தான். ஆனால் அந்தத் தீவுகளில் 15 ஆண்டு வாழ்ந்திருந்த பிராங் ஹொலண்ட், 3 அடிக்கு மேல் தண்ணீர் இராது என்று முன்னமே எச்சரித்திருந்தார். அதனால் இதைத் தெரியாமல் நடந்த தவறு என்று சொல்ல மனம் வரவில்லை. கல்லில் ஏறிக் கடக்கக்கூடிய சங்கிலி வாகனங்கள் 125தான் இருந்தன; அவற்றிலிருந்து முதலில் இறங்கிய மூன்று அணிகளுக்குக் கொடுத்தார்கள். பின்னால் வந்தவர்களுக்குப் படகுதான். படகு கல்லில் தட்டி நின்றது, முன்கதவு விழுந்தது, ஆட்கள் இறங்கினார்கள்.

தண்ணீருக்குள் காயம் பட்டவனை எங்கே கிடத்துவது? கரையில் என்றால் படுக்கவைத்துக் கட்டுப் போடலாம். நெஞ்சளவு தண்ணீரில் காலில் பட்ட சூடுகூட ஆளைச் சாய்த்துவிடும், சாய்ந்தவனைப் பையின் பாரம் எழும்பவிடாது. ரேடியோக்கள் நனைந்து செத்ததால் பின்னால் வருகிறவர்களை நிறுத்தச் சொல்லவும் வழியில்லை. காயக்காரரை ரப்பர் படகில் போட்டு, கல்லின் விளிம்பு வரை தள்ளிக்கொண்டு போய்ப் பெரிய படகில் ஏற்றினார்கள். போர் முடிந்தபோது அந்த 125 வாகனங்களில் 35தான் ஓடும் நிலையில் இருந்தன.

அமெரிக்கர் பக்கம் இறந்தவர்கள் ஏறக்குறைய 1,000 பேர். மறுபக்கத்தில் சுமார் 4,700 பேர். பிடிபட்ட ஜப்பானியர் 17 பேர் மட்டுமே. கூலி வேலைக்குக் கொண்டுவரப்பட்ட கொரியர்கள் 1,200 பேரளவில் இருந்தார்கள்; உயிரோடு மிஞ்சியவர்கள் 129. அது அவர்களுடைய சண்டையே இல்லை.

இதெல்லாம் ஒன்றே கால் சதுர கிலோமீற்றர்கூட வராத மண்ணில், பூமத்திய ரேகை வெயிலில். உடல்களை உடனே புதைத்தாக வேண்டியிருந்தது. 2004 மார்கழிச் சுனாமிக்குப் பிறகு கல்முனையிலும் நாவலடியிலும் நின்றவர்களுக்கு அந்த அவசரம் விளங்கும். அவசரத்திலும் விடக்கூடாத வேலைகள் உண்டு. உடலைத் தூக்குவதற்கு முன் இலக்கம், முகமும் உடுப்பும் தெரியப் படம். இலக்கத்தை உடுப்பில் அல்ல, உடலில் கட்டவேண்டும், அதுவும் நனைந்தால் அழியாத அட்டையில். ஒன்றன்மேல் ஒன்று போடாமல் ஒரே அடுக்காக, ஒரு முழ இடைவெளியில் கிடத்தவேண்டும். வரிசையின் இரு முனைகளையும் அசையாத இரண்டு அடையாளங்களிலிருந்து அளந்து எழுதிவைக்கவேண்டும். தென்னை அடையாளமாகாது.

பெட்டியோவில் பல இடங்களில் பள்ளம் வெட்டி வரிசையாகத்தான் கிடத்தினார்கள். பிறகு விமானத்தளமும் பாதைகளும் போடும்போது குறிகள் நகர்ந்தன. தீவை ஒழுங்குபடுத்துவதாக அழகான சிலுவைகள் நட்டார்கள். பலவற்றின் கீழே ஆளே இல்லை. 1946இல் தோண்ட வந்தவர்களுக்குக் கிடைத்தது ஏறக்குறைய பாதிப் பேர்தான். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு வெளியே மூழ்கடித்த ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலோடு போன 307 பேர் கிடக்கும் கடலையாவது இன்றைக்கும் கைகாட்ட முடிகிறது.

2015இல் பெட்டியோவின் ஒரு வரிசை அகப்பட்டது. அதில் இருந்த மரீன் அதிகாரி அலெக்சாண்டர் பொன்னிமனை அடையாளம் காட்டியது பல்லில் செய்திருந்த தங்க வேலை. மற்றப் பள்ளங்களுக்கு மேலே இன்று வீடுகளும் பன்றிக் கொட்டில்களும் நெருக்கமாக நிற்கின்றன. அங்கே அத்திவாரம் வெட்டுகிறவர்களின் மண்வெட்டியில் இப்போதும் எலும்பு தட்டுகிறது.