கோவென்ட்ரியில் ஒரு மாலைக் கச்சேரி

லண்டன் யூஸ்டனில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் கோவென்ட்ரி. கார் தொழிற்சாலைகளுக்குப் பேர்போன ஊர். சுற்றுலா வருபவர்கள் பெரும்பாலும் இறங்குவதில்லை. நான் போனது ஆங்கிலேய இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனின் 'வார் ரெக்வியம்' என்ற போர் அஞ்சலி இசையைக் கேட்க. 1962 மே 30 அன்று அது அரங்கேறிய அதே தேவாலயத்தில்.

வெளிச்சம் இருக்கும்போதே போய்விடுங்கள், பழைய தேவாலயத்தைப் பார்க்க வேண்டும். 1940 நவம்பர் 14 இரவு ஜெர்மானிய விமானங்கள் போட்ட குண்டுகளில் கூரை எரிந்து விழுந்தது. வெளிச்சுவர்களும் கோபுரமும் இன்றும் அப்படியே நிற்கின்றன. கண்ணாடி இல்லாத ஜன்னல்கள். நான் போன அன்று தூறல் வேறு, உள்ளே நின்றும் நனைந்தேன். கச்சேரி நடந்த புதிய தேவாலயத்தை கட்டடக் கலைஞர் பசில் ஸ்பென்ஸ் இதை ஒட்டியே கட்டினார். நடுவில் ஜான் ஹட்டன் தேவதூதர்களைச் செதுக்கிய பெரிய கண்ணாடிச் சுவர்.

சரி, கச்சேரி. ஒரு பக்கம் பெரிய ஆர்கெஸ்ட்ரா, கோரஸ், சோப்ரானோ என்ற உச்சக் குரல் பாடகி: இறந்தவர்களுக்கான லத்தீன் பூசை இவர்களுடையது. ஓரமாகப் பன்னிரண்டு வாத்தியங்களோடு ஒரு சிறு குழு. அவர்களோடு டெனரும் (உயர்ந்த ஆண் குரல்) பாரிட்டோனும் (அதைவிடத் தாழ்ந்த ஆண் குரல்) வில்ஃப்ரெட் ஓவனின் போர்க்களக் கவிதைகளைப் பாடுகிறார்கள். முதல் உலகப் போர் முடிய ஒரு வாரம் இருக்கையில், 25 வயதில் செத்துப்போன ஆங்கிலேய ராணுவ அதிகாரி ஓவன்.

தொடக்கத்திலேயே மணிகள் இரண்டு ஸ்வரங்களை மாறி மாறி அடிக்கின்றன. நம் கர்நாடக சங்கீதக் கணக்கில் ஷட்ஜமும் பிரதி மத்யமமும். கல்யாணி ராகத்தில் கொஞ்சும் அதே மத்யமம், பஞ்சமம் துணையில்லாமல் நிற்கும்போது வயிற்றைப் பிசைகிறது.

என்னை உலுக்கியது, கடவுள் கேட்டார் என்று மகனைப் பலியிடப் போகும் பைபிளின் ஆபிரகாம் கதை வரும் இடம். மகனை விட்டுவிடு, ஆட்டைப் பலி கொடு என்கிறான் தேவதூதன். ஓவனின் கிழவர் கேட்பதில்லை; மகனை வெட்டுகிறார், கூடவே ஐரோப்பாவின் பிள்ளைகளில் பாதிப் பேரை, ஒவ்வொருவராக. அந்த வரியை இரண்டு ஆண்களும் திரும்பத் திரும்பப் பாட, எங்கோ கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து சிறுவர் குழு ஆர்கனோடு பலிப் பிரார்த்தனையைப் பாடுகிறது. சண்டை எதுவும் நடக்காததுபோல அவ்வளவு சுத்தமான குரல்கள்! எனக்குக் கோபம்தான் வந்தது.

கடைசியில், கொன்றவனும் கொல்லப்பட்டவனும் பாதாளத்தில் சந்தித்து, தூங்கலாம் வா என்கிறார்கள். அங்கேதான் எல்லாக் குரல்களும் முதன்முறையாகச் சேர்கின்றன. நம்பிக்கை என்று பெஞ்சமின் பிரிட்டன் தருவது அவ்வளவுதான், அதுவும் செத்த பிறகு. வெற்றி முழக்கம் இல்லாததாலேயே நம்ப முடிகிறது.

அரங்கேற்றத்துக்கு ஆங்கிலேய டெனர், ஜெர்மானிய பாரிட்டோன், ரஷ்ய சோப்ரானோ என்பது திட்டம். பீட்டர் பியர்ஸும், ஹிட்லரின் ராணுவத்தில் இருந்து போர்க்கைதியான ஃபிஷர்-டீஸ்காவும் பாடினார்கள். கலினா விஷ்னேவ்ஸ்காயாவை சோவியத் அரசு விடவில்லை; ஹெதர் ஹார்ப்பர் பாடினார். சமாதானப் பாட்டுக்குள்ளேயே பனிப்போர்! 1963-இல் வந்த டெக்கா நிறுவனத்தின் ஒலிப்பதிவில், முதலில் திட்டமிட்ட மூவரும் சேர்ந்திருக்கிறார்கள். கோவென்ட்ரி போக முடியாதவர்கள் அதைக் கேட்கலாம், ஓவனின் கவிதைகளைக் கையில் வைத்துக்கொண்டு.